தாத்தாவின் ஹெச்எம்டி வாட்ச் நின்னுபோச்சா? மெஷினை மாத்தும் முன் இதைப் படிங்க!

கல்மண்டபம் பக்கம் பல வீட்டு பீரோக்களில், ஹார்பர் வேலைக்குத் தாத்தா கட்டிப்போன சாவி கொடுக்கும் ஹெச்எம்டி வாட்ச் இன்னும் இருக்கும். ரிப்பேருக்குக் கொடுத்தால் முதல் கேள்வியே இதுதான்: ‘சர்வீஸ் பண்ணவா, மெஷினையே மாத்திடவா?’

புது மெஷின் புதுசுதானா?

பெரும்பாலும் இல்லை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூருவில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது ஹெச்எம்டி. ஹெச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட, 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எனவே, மாற்றிப்போடும் மெஷின் இன்னொரு பழைய வாட்ச்சில் கழற்றியதாகவே இருக்கும். அதற்கும் சர்வீஸ் தேவை.

ஏன் நிற்கிறது?

ஜனதா மாடலின் மெஷின் நொடிக்கு 5 முறை, ஒரு நாளைக்கு 4,32,000 முறை துடிக்கும். பல வருஷம் சும்மா கிடந்தால் ஆயில் காய்ந்து பிசினாகிவிடும். கழற்றி, சுத்தம் செய்து, புது ஆயில் விட்டாலே பெரும்பாலும் ஓடும். மெயின் ஸ்பிரிங் உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். காய்ந்த ஆயிலோடு தினமும் ஓட்டினால் பாகங்கள் தேயும்.

எப்போது மாற்றலாம்?

கடல் காற்றும் வியர்வையும் உள்ளே போய், பல பாகங்களைத் துரு தின்றிருந்தால் மாற்றலாம். அப்போதும் அதே மாடல் மெஷினையே கேளுங்கள். பேட்டரி மெஷின் போட்டால் பழைய டயலும் முள்ளும் பொருந்துவது கஷ்டம்.

முதலில் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆகணும்னா, கழற்றிய மெஷினைக் கடையில் விட்டுட்டு வராதீங்க. நாளைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் அதில்தான் கிடைக்கும்.