இளநிலைப் பட்ட ஆய்வும் நெறியாளுகையும்: சென்னை மரபும் வேப்பம்பட்டு வட்டாரத் தமிழ்த்துறைகளுக்கான ஒரு வழியும்

ஆய்வுச்சுருக்கம்

இளநிலைப் பட்ட மாணவர் ஆசிரியரின் நெறியாளுகையில் ஆய்வு செய்யும் முறை சென்னைக்குப் புதியதன்று. பழைய ஆனர்ஸ் படிப்பிலும் இன்றைய சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலும் அது இயங்கிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது. எம்.ஃபில். பட்டம் நிறுத்தப்பட்டுள்ள நிலையில், மூன்றாண்டுப் பட்டத்துக்குள்ளேயே தமிழ்த்துறைகள் அம்முறையைக் கைக்கொள்ளும் வழியை வேப்பம்பட்டு வட்டார ஊர்ப்பெயராய்வைக் கொண்டு எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆனர்ஸ், நெறியாளர், பணிச்சுமை, ஊர்ப்பெயராய்வு, வேப்பம்பட்டு.

முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தின. தமிழ்த்துறைகளுக்கு இது பெயரளவிலான மாற்றம் அன்று. தரவு தொகுத்தல், குறிப்பெடுத்தல், மேற்கோளைச் சரிபார்த்தல், இயல் பிரித்தல் ஆகியவற்றைத் தமிழ் மாணவர் முதன்முதலாகப் பழகிய இடம் பெரும்பாலும் எம்.ஃபில். வகுப்பே. அப்படி அகன்றுவிட்டதால், இப்பயிற்சி முனைவர் பட்டப் பதிவுக்குப் பின் தொடங்க வேண்டும். அன்றேல் இளநிலை, முதுநிலை வகுப்புகளுக்கு இறங்கிவர வேண்டும். முன்னதற்கு ஆகும் காலமும் மனச்சோர்வும் நெறியாளர்கள் அறிந்தவையே.

அதே ஆண்டு டிசம்பரில் அக்குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம் பின்னதற்கு ஒரு வடிவம் தந்தது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட் அளவிலான ஆய்வேட்டை எழுதி ‘ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்’ பட்டம் பெறலாம். தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே பெரிதும் தொடர்கிறது. எனவே நான்காம் ஆண்டு வருமா, வராதா என்பதிலேயே விவாதம் தங்கிவிடுகிறது. ஆய்வுப் பயிற்சிக்கு உண்மையில் வேண்டுவது கூடுதல் ஆண்டா என்னும் வினா பின்தள்ளப்படுகிறது.

சென்னையின் ஆனர்ஸ் மரபு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இடைநிலை வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பயிலும் ஆனர்ஸ் படிப்பு 1950களின் இறுதிவரை இருந்தது. புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தபோது அது வழக்கொழிந்தது. அதன் பாடத்திட்டம் ஆய்வைக் கட்டாயமாக்கியது என்று கூறுவதற்கில்லை; தேர்வே அதன் மையம். ஆயினும் அதற்குள்ளிருந்து ஆய்வு முளைத்த இரு சான்றுகள் ஒப்பிடத்தக்கவை.

முதலாவது, சு. சந்திரசேகர். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் மாணவராக இருந்த அவர், 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சாமர்ஃபெல்டைச் சந்தித்தார். தாம் கற்றிருந்த குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டதை அவர்வழி அறிந்தார். அச்சேறாத கட்டுரை ஒன்றின் மெய்ப்பும் அவரிடமிருந்து கிடைத்தது. அதனைப் பற்றிக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜின் ஃபவுலர் வழியாக 1929இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அவர் பட்டம் பெற்றது 1930இல்தான். இதனை நெறியாளுகையின் வெற்றியாகக் காட்டுவது எளிது; ஆனால் பொருந்தாது. ஒரு சந்திப்பு, ஒரு மேதை, ஒரு தற்செயல். இதனைத் திட்டமாக வகுக்க இயலாது.

இரண்டாவது, இலயோலா கல்லூரியின் அருட்தந்தை சார்லஸ் ரசீன். பாரிசில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்தவர்; 1937இல் திருச்சிராப்பள்ளிக்கும் பின்னர்ச் சென்னைக்கும் வந்தவர். தேர்வுப் பாடத்துக்கு அப்பாற்பட்ட புதிய கணிதத்தை மாணவர்க்கு அறிமுகப்படுத்துவதும், தகுதியுடையோரைப் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்கு ஆற்றுப்படுத்துவதும் அவர் ஆண்டுதோறும் செய்த பணிகள். எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி, சி.பி. இராமானுசம் ஆகியோர் அவ்வழி சென்றவர்கள். முன்னிருவர் பெயரால் வழங்கும் தேற்றம் 1965இல் வெளிவந்தது. ‘ஆற்றுப்படுத்துதல்’ என்னும் சொல்லை இங்கு அறிந்தே ஆள்கிறோம். தான் சென்று மீண்ட வழியைப் பிறர்க்குக் காட்டுபவனே ஆற்றுப்படை இலக்கியங்களில் வழிகாட்டி. தானே ஆய்வு செய்யாத ஒருவர் நெறியாளராக இயலாது என்பதும் அதனுள் அடங்கும்.

இம்மரபின் தொடர்ச்சியையும் காணலாம். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய நிறுவனமே இன்று சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம். 1998இல் அது இளநிலை ஆனர்ஸ் வகுப்பைத் தொடங்கியபோது, முழுநேர ஆய்வாளர்களே முதலாண்டு மாணவர்க்கும் பாடம் நடத்தினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1969இல் தொடங்கிய இளநிலை ஆய்வு வாய்ப்புத் திட்டமும் இதே அடிப்படையினது: ஆசிரியரின் நடப்பு ஆய்வில் மாணவர் இளநிலைக் கூட்டாளியாகச் சேர்கிறார்.

நேரமும் பணிச்சுமையும்

இவ்வளவு தெளிவான முறை நம் கல்லூரிகளில் வேரூன்றாமைக்கு மாணவரின் தகுதிக்குறையைக் காரணமாகக் கூறுவர். காரணம் வேறிடத்தில் உள்ளது. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் உதவிப் பேராசிரியர்க்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை வகுக்கின்றன. அவற்றின் மற்றொரு விதி, இளநிலை வகுப்பாயின் நாள்தோறும் இரண்டு மணி நேரம் மாணவர் வழிகாட்டலுக்கும், முதுநிலையாயின் இரண்டு மணி நேரம் ஆய்வுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. வழிகாட்டல் இளநிலைக்கு, ஆய்வு முதுநிலைக்கு என்னும் இப்பிரிவினையே சிக்கலின் வேர். இளநிலை மாணவரின் ஆய்வுக்கு வழிகாட்டும் பணி இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. கால அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. எனவே இறுதிப் பருவ ‘திட்டக் கட்டுரை’ கடைசி இரு வாரங்களில் தைத்து ஒப்படைக்கப்படுகிறது. அதனை விலைக்கு எழுதித் தருவோரும் உளர்.

தேவைப்படும் நேரமோ மலைப்பூட்டுவது அன்று. எடுத்துக்காட்டாக, ஆறு ஆசிரியரும் 48 இறுதியாண்டு மாணவரும் உள்ள துறையில் ஓர் ஆசிரியர்க்கு எட்டு மாணவர். நால்வர் கொண்ட இரு குழுக்களாக அவர்களைப் பிரித்து, குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மணி நேரமே ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தைக் கற்பித்தல் நேரமாகக் கணக்கிட வேண்டும் என்பதே இங்கு வேண்டப்படும் ஒரே நிர்வாக மாற்றம்.

வேப்பம்பட்டு வட்டாரம்: ஓர் ஆய்வுக்களம்

தமிழ்த்துறையில் இம்முறைக்கு ஏற்ற பொருள் எது? ‘சங்க இலக்கியத்தில் பெண்கள்’ போன்ற கரையற்ற தலைப்புகள் மாணவரை நகலெடுப்பவராக்கும். ஆவடியிலிருந்து திருவள்ளூர் நோக்கிச் செல்லும் புறநகர் ரயில் தடம் இதைவிட நல்ல தலைப்பைத் தருகிறது. பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் என வரும் நிலையப் பெயர்களே ஒரு சிறு தரவுத் தொகுதி. அவற்றுக்கு முன்னே நிற்கும் இந்துக் கல்லூரி நிலையம், கல்லூரியின் பெயரே இடப்பெயரானதற்குச் சான்று.

வேப்பம்பட்டை எடுத்துக்கொள்வோம். ‘வேம்பு’ என்பது ‘வேப்பம்’ என நின்று நிலைமொழியாவதை இலக்கண வகுப்பிலேயே விளக்கிவிடலாம். ‘பட்டு’ என்னும் ஈறோ வினாவை எழுப்புவது. அது ‘பற்று’ என்பதன் திரிபா? ‘பட்டி’யோடு உறவுடையதா? அருகிலுள்ள பெருமாள்பட்டு, நகரத்துள் சேத்துப்பட்டு, தெற்கே செங்கல்பட்டு எனத் தொண்டை மண்டலத்தில் இவ்வீறு செறிந்திருப்பது ஏன்? ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ தொடக்கம் தரும். விடையை மாணவரே தேட வேண்டும்.

ஊர்ப்பெயருக்குக் கீழே புலப்பெயர்கள் உள்ளன. ஏரி, தாங்கல், மதகு, கலங்கல், மேடு, தோப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. விளைநிலங்கள் மனைப்பிரிவுகளாகி, ‘நகர்’ என முடியும் புதுப்பெயர்கள் பரவும்போது இவை முதியோர் நினைவில் மட்டும் தங்குகின்றன. கிராம வரைபடமும் ‘அ’ பதிவேடும் சிலவற்றைக் காக்கும். பழைய கிரயப் பத்திரங்களின் செக்குபந்தியில் வேறு சில கிடைக்கும். எஞ்சியவற்றைக் கேட்டறியத்தான் வேண்டும். இதில் அவ்வூர் மாணவருக்குப் பேராசிரியரைவிட வசதி மிகுதி: தம் பாட்டனாரிடமும் எதிர்வீட்டுப் பெரியம்மாவிடமும் அவர் அறிமுகமின்றிப் பேசலாம்.

நெறியாளரின் பங்கு இங்குத்தான் கூர்மை பெறுகிறது. சொன்னவர் வயது, நாள், இடம் ஆகியவற்றைக் குறிக்கப் பழக்குதல். பதிவுக்கு இசைவு பெறுதல். தலபுராணக் கதையையும் கல்வெட்டுச் சான்றையும் ஒரே தட்டில் வைக்காதிருக்கச் செய்தல். திருநின்றவூரை இதற்கே பயன்படுத்தலாம். பூசலார் மனத்துள் கோயில் கட்டிய பெரியபுராண வரலாற்றை அவ்வூர் மக்கள் தம் ஊர்ப்பெயரோடு எவ்வாறு இணைத்துச் சொல்கின்றனர் என்பது ஒரு தரவு. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் சோழர் கல்வெட்டுகளில் நிலவெல்லைகள் எவ்வாறு பெயர் பெறுகின்றன என்பது வேறொரு தரவு. இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் இயல் வேறு.

மதிப்பீட்டில் ஏட்டின் பக்க எண்ணிக்கையைவிடக் களக்குறிப்பேட்டுக்கு மிகுதியான மதிப்பெண் தருவது நலம். விலைக்கு வாங்கிய ஏட்டுக்குக் களக்குறிப்பேடு இராது. ஒரு குழுவுக்கு ஓர் ஊர், அதற்கு முப்பது புலப்பெயர் என வரையறுத்தால் ஒரு பருவத்துக்குப் போதும். குறிப்பேடுகளைத் துறை நூலகத்தில் ஊர்வாரியாக அடுக்கி வைத்தால், அடுத்த ஆண்டு மாணவர் முப்பத்தொன்றாம் பெயரிலிருந்து தொடங்கலாம்.