மன்னார் நாயும் வெளுத்த முரசும்

பேசாலையிலோ தலைமன்னாரிலோ மீன்வாடி வாசலில் காலைதோறும் வாலாட்டி நிற்கும் நாயொன்று, ஒரு நாள் எழுந்திராமல், பாரை மீனின் தலையை முன்னே போட்டாலும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாலடி நடப்பதற்குள் மூச்சு வாங்கிப் படுத்துவிடுமாயின், வீட்டார் வெயிலின்மேல் பழியைப் போட்டு, நிழலில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவது வழக்கம். மன்னார் வெயிலுக்கு அந்தப் பழி பொருந்தாததும் அன்று. ஆயினும் அந்த வேளையில் நாயின் மேலுதட்டைச் சற்றே உயர்த்திப் பல்முரசைப் பார்க்கும் வழக்கம் ஒருவருக்கு இருக்குமானால், இளஞ்சிவப்பாய் இருக்கவேண்டிய முரசு வெளிறிக் கிடப்பதையும், ஓரிரு நாளில் கண்வெள்ளை மஞ்சளித்துச் சிறுநீர் வெறுந்தேநீரின் நிறத்துக்குக் கறுப்பதையும் கண்டு, இது வெயிலின் உபாதையன்று, இரத்தத்தின் உபாதை என்று அறிந்துகொள்வார்.

நாயின் இரத்தத்தில் ஓடும் செங்குழியம் ஒன்று ஏறக்குறைய நான்கு மாத காலம் உயிர்த்திருந்து, மூப்படைந்தபின் மண்ணீரலிலும் ஈரலிலும் அழிக்கப்படுவது இயற்கை. தன்னெதிர்ப்பு இரத்தச் சோகை என்னும் இந்த வியாதியிலோ, கிருமிகளை எதிர்க்கவென்று உண்டாகும் எதிர்ப்பொருள்கள் சொந்தச் செங்குழியங்களின்மேலேயே ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றை அந்நியரென்று எண்ணி விழுங்கிவிடுகிறது. எலும்பு மஜ்ஜை விழித்துக்கொண்டு புதியவற்றை அனுப்ப மூன்று முதல் ஐந்து நாள் வரை ஆகும். ஆரோக்கியமான நாயின் இரத்தத்தில் நூற்றுக்கு 37 முதல் 55 பங்கு வரை இருக்கவேண்டிய செங்குழியங்கள், அந்த இடைவெளிக்குள் 15 பங்குக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. உடல் தன்னைத் தானே தாக்காது என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய விஞ்ஞானி பவுல் ஏர்லிக் கருதினார். 1904ஆம் ஆண்டிலேயே டொனாத், லான்ட்ஸ்டைனர் என்னும் இருவர், மனிதரில் அது நிகழ்வதை மெய்ப்பித்துவிட்டனர்.

மேனாட்டு நூல்களில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் தெரியவில்லை என்றும், கொக்கர் ஸ்பானியல் போன்ற சாதிகளில் மிகுதி என்றும் எழுதியிருக்கும். நம் கரையில் அந்த அத்தியாயத்தை அப்படியே ஏற்பது விபரீதத்துக்கு இடமாகும். இங்கே முதற்கேள்வி உண்ணியைப் பற்றியதாக இருக்கவேண்டும். 1910இல், சென்னையில் வெள்ளையர் வேட்டைக்காக வளர்த்த நாய்களின் இரத்தத்திலும், பின்னர் நரியின் இரத்தத்திலும், பற்றன் என்ற ஆராய்ச்சியாளர் கண்டு உலகுக்கு அறிவித்த, உண்ணியால் பரவும் பபேசியா கிப்சனி என்னும் நுண்ணுயிர், செங்குழியத்துக்குள் புகுந்து அதைச் சிதைப்பதோடு நில்லாமல், எதிர்ப்பொருள்களையும் சொந்தக் குழியங்களின்மேல் ஏவிவிடக் கூடியது. உண்ணியால் பரவும் இன்னொரு கிருமி நாய்களின் இரத்தத்தட்டுகளைக் குறைக்கிறது; உடல் தன்னைத் தாக்காதென்ற அதே ஏர்லிக்கின் பெயரால் அது ஏர்லிக்கியா என்று வழங்குவது சாஸ்திரத்தின் சிறு குறும்பு. ஏர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் குளிசையை நான்கு வார காலம் கொடுப்பர். கிப்சனிக்கு அற்றோவக்குவோனும் அசித்ரோமைசினும் சேர்ந்த சிகிச்சை உண்டு. உள்ளே கிருமி குடியிருக்க, அதைப் பாராமல் எதிர்ப்புச் சக்தியை மட்டும் அடக்குவது காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

சோதனைகளில் மிக எளிய ஒன்றுக்கு யந்திரமே வேண்டியதில்லை: கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தோடு சேலைன் சில துளிகளைக் கலந்தால், இந்நோயுள்ள பல நாய்களில் குழியங்கள் கலையாமல் திரள்திரளாய் நிற்கும். அது போதாதபோது, குழியங்களின்மேல் ஒட்டிய எதிர்ப்பொருளைக் காட்டும் கூம்ஸ் சோதனை இருக்கிறது. 1945இல் மனித வைத்தியத்துக்கு அதனைத் தந்த றொபின் கூம்ஸ், எடின்பரோவில் மிருக வைத்தியம் படித்தவர்.

நோய் உறுதியானபின் வைத்தியர் முதலில் எடுப்பது பிரெட்னிசொலோன் குளிசை. வழக்கமாக நாயின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் என்று தொடங்கி, பெருத்த நாய்களுக்கு அதிற் குறைத்துக் கொடுப்பர். அசதியோபிரின் போன்ற இரண்டாம் மருந்தைச் சேர்ப்பதும் உண்டு. அதனைப் பொடிக்காமல், கையுறை அணிந்து எடுத்துக் கொடுப்பது நல்லது, கர்ப்பிணிகள் அதைத் தொடாதிருப்பது அதனினும் நல்லது. பிரெட்னிசொலோன் உட்கொண்ட நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள்ளே சிறுநீர் கழிக்கும், பசி பொறாமல் பாத்திரத்தை உருட்டும், இரவெல்லாம் இளைக்கும், நாளடைவில் வயிறு தொங்கித் தொடைச் சதை வற்றும். இவற்றை நாயின் துர்க்குணமென்று எண்ணித் தண்ணீரைக் குறைக்கிறவர்கள் கொடுமை செய்கிறார்கள் என்றே சொல்வேன். நல்ல நீர் வாளியில் வாங்கிப் புழங்கும் வீடானாலும் நாயின் சட்டி நிறைந்தே இருக்கவேண்டும்.

இரத்தம் குறைந்ததால் இறக்கும் நாய்களைக் காட்டிலும், நுரையீரலிலும் பிற அவயவங்களிலும் இரத்தம் கட்டியாகி அடைத்து இறக்கும் நாய்களைப் பற்றியே வைத்தியர் அதிகம் அஞ்சுவர். குளொப்பிடோகிரல் போன்ற மருந்தை எழுதிக்கொடுப்பது அதற்காகவே. நோய்ப்பட்ட நாய்களில் கணிசமானவை பிழைப்பதில்லை. பிழையாதவற்றில் பெரும்பான்மை முதல் இரண்டு வாரங்களுக்குள் போய்விடுகின்றன. ஆகையால் அந்த இரு வாரமும் திடீர் மூச்சுத்திணறல் உண்டாகிறதா, முரசு வெளிறுகிறதா, மஞ்சள் ஏறுகிறதா என்று காலையும் மாலையும் பார்ப்பது வீட்டாரின் கடமை.

உபசாரம் என்ற பெயரால் நேரும் அபசாரங்கள் சில உண்டு. மிஞ்சிய கறியைச் சோற்றில் பிசைந்து வைப்பது நம் பழக்கம்; கறியில் வெந்த வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குழியங்களைத் தாமாகவே உடைக்க வல்லவை, அதனால் எரிகிற வீட்டில் எண்ணெய் வார்த்ததாகும். காய்ச்சலென்று பனடோல் கொடுப்பதும் ஆபத்து. நோவுக்கு வாங்கிய டைக்குளோபினாக்கோ, பிரெட்னிசொலோனோடு சேர்ந்தால் குடலைப் புண்ணாக்கும். இரும்புச்சத்து டொனிக் தீமை செய்யாவிடினும் பயனற்றது: உடைந்த குழியங்களின் இரும்பு உடலுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. உப்பிடாத, வெங்காயமிடாத, அவித்த கோழியும் சோறும் போதும், கருவாடு வேண்டாம்.

மனிதருக்குள்ளதுபோல் எந்நேரமும் உதவும் இரத்த வங்கியை நாய்க்காக இங்கே எதிர்பார்த்தல் இயலாது. அயல்வீட்டில் 25 கிலோவுக்கு மேற்பட்ட, நலமான, வளர்ந்த நாயொன்று இருந்தால் ஒரு முறை 450 மில்லிலீற்றர் அளவு தானம் செய்யும். நாய்களுக்கு இயல்பாகவே அமைந்த எதிர்ப்பொருள்கள் வலியன அல்லவாதலால் முதல் இரத்தமேற்றல் பெரும்பாலும் தீங்கின்றி முடியும். ஆனால் தானம் செய்யும் நாயும் உண்ணி ஊரில் வளர்ந்ததாகையால், அதன் இரத்தத்தில் பபேசியா இல்லையென்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கையின் ஒரே மிருக வைத்திய பீடத்தைச் சேர்ந்த பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் துணிகிறவர்கள், மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை வழியாக நீளும் பயணத்தை இரவின் குளிர்ச்சியில் தொடங்குவது உசிதம். இரத்தம் வற்றிய பிராணிக்கு வாகனத்தின் வெக்கை இரண்டாம் நோய்.

நாய் எழுந்து நடந்து, வாடிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டால், மருந்து முடிந்தது என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் அப்பொழுதுதான் சிரத்தை அதிகம் வேண்டும். குளிசையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, நெடுநாள் மருந்தால் உறங்கிப்போன அட்ரினல் சுரப்பி ஈடுகொடாமல் நாய் சுருண்டு விழவும் கூடும். இரத்தம் நிலைத்தபின் சில வாரத்துக்கொருமுறை பரிசோதித்து, மருந்தை ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு வீதம் குறைத்துக் குறைத்துப் பல மாதங்களில் முடிப்பதே முறை. விசர்நாய்க்கடித் தடுப்பூசியின் தவணை அதற்கிடையில் வந்தால், போடுவதையோ தள்ளுவதையோ வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

உண்ணி விஷயத்தில் மன்னார்த் தீவில் திரியும் கழுதைகளைக் குறைசொல்லத் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் காணும் கபில உண்ணி பெரும்பாலும் நாயையே நாடுவது. குஞ்சாய், இளம்பருவமாய், முதிர்ந்ததாய் மும்முறை நாயின்மேல் ஏறி மும்முறையும் இறங்கி, சுவர் வெடிப்பிலும் கட்டில் அடியிலும் கிடுகு வேலியிலும் ஒளிந்து, ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. எனவே உண்ணிக்குரிய மருந்தை மாதம் தவறாமல் கொடுப்பதோடு, நாய் படுக்கும் திண்ணையின் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, சாக்கை வெயிலில் உதறி, அயல்வீட்டு நாய்க்கும் அதே மருந்தை வாங்கிக் கொடுத்துவிடுவது, இன்னொரு முறை நோய் வந்து செலவழிப்பதினும் மலிவு.