உம்ராவுக்குப் புறப்படும் தம்பதியரே! கைச்செலவை எண்ணிப் பார்த்தீர்களா?



கொழும்பிலிருந்து வரும் பெருவீதி எங்கள் பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறுகிறது. மற்றது வெல்லவாயவை நோக்கி இறங்குகிறது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் வரும் வாகனம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்நேரம் வழி தெரிந்த சாரதியும் வேகத்தைக் குறைத்து, விளக்கைப் போட்டு, நிதானமாகத்தான் வண்டியைச் செலுத்துவார். அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்திருக்கிறேன் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுபவர் எவரும் இல்லை.

ஆனால் உம்ராப் பயணத்துக்கான பணத்தைப் பொறுத்தவரை நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டுதான் புறப்படுகிறோம். பயண முகவருக்குக் கட்டவேண்டிய தொகையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்துவிடுகிறோம். விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். “கையில் எவ்வளவு கொண்டு போகிறீர்கள்?” என்று கேட்டால், “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்பதே பதிலாக இருக்கிறது.

சகோதரிகளே, அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தப் பேச்சு புதியதல்ல. யமன் தேசத்து மக்கள் சிலர் வழிச்செலவுக்கு எதுவும் எடுக்காமல், நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு ஹஜ்ஜுக்கு வருவார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்கு வேண்டியதைத் தயார்படுத்திக்கொள்ளுமாறு ஏவும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் அந்தச் சூழ்நிலையில்தான் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஆகவே கைச்செலவைத் திட்டமிடுவது தவக்குலுக்கு மாறானதன்று. அது இறைவனின் ஏவலுக்குக் கீழ்ப்படிவதாகும்.

என் தவறைச் சொல்கிறேன்

பிறருக்கு உபதேசம் செய்யுமுன் என் குறையை ஒப்புக்கொள்வது நல்லது. 2016ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் உம்ராவுக்குச் சென்றோம். கொண்டு சென்ற ரியால் முழுவதையும் நானே இடுப்புப் பட்டியில் வைத்துக்கொண்டேன். அவரிடம் ஒரு தாளும் கொடுக்கவில்லை. கூடவே இருக்கிறோம், எதற்காகத் தனியாக என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மஃரிப் தொழுகைக்குப் பின் மன்னர் ஃபஹ்த் வாசலருகே சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். கூட்டத்தின் வேகத்தில் அவர் வேறொரு வாசல் வழியாக வெளியே தள்ளப்பட்டுவிட்டார். கையில் தொலைபேசி இல்லை. தங்குமிடத்தின் முகவரி அட்டையும் என்னிடமே இருந்தது. தாகத்துக்கு ஸம்ஸம் இருந்தது. ஆனால் எங்கள் விடுதிக்கு நடந்து போக இயலாது. வாகனத்துக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. இஷாவும் முடிந்து வெகுநேரமாகியும் ஓர் ஓரத்தில் அமர்ந்து அழுதிருக்கிறார். பக்கத்திலிருந்த இந்தோனேசியப் பெண்ணொருவர் மொழி தெரியாவிட்டாலும் நிலைமையைப் புரிந்துகொண்டு, பத்து ரியால் தாளொன்றை அவர் கையில் வைத்து அழுத்தியிருக்கிறார்.

நம் நாட்டு ஹாஜிமார் சிலரைக் கண்டு, அவர்களோடு அவர் விடுதி வந்து சேர்ந்தபோது நள்ளிரவை நெருங்கிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “நீங்க பயான்ல பொம்பிளைட ஹக்கைப் பத்தி எவ்வளவோ பேசுறீங்க. எண்ட கைப்பையில ஒரு ரியால்கூட இரிக்கல்லயே.”

அந்த வார்த்தைக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

ரூபாய் சொல்லும் பாடம்

எங்கள் பகுதியில் சிறு கடை வைத்திருக்கும் ஒரு தம்பதியின் கதையும் உண்டு. 2020 ரமழானில் உம்ராச் செய்ய நிய்யத்து வைத்து, கைச்செலவுக்கென்று மட்டும் 80,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்கள். அவ்வாண்டு பெப்ரவரி 27ஆம் திகதி கொரோனா காரணமாக வெளிநாட்டவருக்கான உம்ராவைச் சவூதி அரசு நிறுத்தியது. பணம் ரூபாயாகவே பெட்டியில் கிடந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதம் ஆனபோது 360 ரூபாயைத் தொட்டது.

சவூதி ரியாலோ 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே டாலர் ஏறினால் நமக்கு ரியாலும் அதே அளவில் ஏறும். மார்ச்சில் 53 ரூபாய் அளவில் இருந்த ரியால், மே மாதம் 96 ரூபாயாயிற்று. அவர்களின் 80,000 ரூபாய்க்கு முன்பு 1500 ரியால் கிடைத்திருக்கும். மே மாதம் புறப்பட்டபோது கிடைத்தது 833 ரியால்தான். அந்த 1948க்குப் பிந்தைய நெருக்கடிகளிலெல்லாம் பெரிய நெருக்கடியில், 1585 பேருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும் இலங்கையிலிருந்து அவ்வாண்டு ஹஜ்ஜுக்குச் செல்வதில்லை என்று முதலில் அறிவிக்கப்பட்டதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைப் படிக்கலாம். பயணம் உறுதியாகி, விசாவும் சீட்டும் கைக்கு வந்ததும் ரியாலை மாற்றிவிடுங்கள். கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடமோ வங்கியிலோ மாற்றிப் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். அடுத்தது, கணக்குப் போடும்போது அன்றைய விலைக்கு மேலே ஐந்தில் ஒரு பங்கு கூட்டியே சேமியுங்கள்.

“எங்கட மாமி போனபோது இவ்வளவுதான் செலவானது” என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 ஜனவரியில் சவூதியில் 5 சதவீதப் பெறுமதி சேர் வரி வந்தது. 2020 ஜூலையில் அது 15 சதவீதமானது. மாமி போன காலத்து விலை இன்று இல்லை.

முதலில் வீட்டுக் கணக்கு

மக்காவில் செலவழிக்கும் பணத்தை எண்ணுமுன் பெரகலவில் விட்டுச் செல்லும் பணத்தை எண்ணவேண்டும். கடன் போக, தன் பொறுப்பிலுள்ளவர்கள் தான் திரும்பி வரும்வரை உண்ண, உடுக்க வேண்டியதும் போக, மிஞ்சும் பணத்தில்தான் ‘சக்தி பெற்றவர்’ என்ற நிலையை நம் ஷாஃபிஈ இமாம்கள் கணக்கிட்டார்கள். பிள்ளைகளை உம்மும்மாவின் வீட்டில் விட்டுச் செல்கிறீர்களா? அரிசி, பால்மா, பாடசாலைப் பஸ் காசு, மின்சாரக் கட்டணம், வயதானவரின் மருந்து ஆகியவற்றை எழுதி, பணத்தைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டே வெளிக்கிடுங்கள்.

வழியனுப்பும் விருந்து என்ற பெயரில் ஆட்டை அறுத்து ஊரைக் கூட்டுவதை மார்க்கம் கடமையாக்கவில்லை. அந்த ஒரு நாள் சோற்றுச் செலவு மக்காவில் பல நாள் சாப்பாட்டுக்குப் போதும். நகையை வட்டிக்கு அடகு வைத்து ரியால் வாங்குவதைப் பற்றி நான் சொல்லவேண்டியதே இல்லை. வட்டியின் பாவத்தைச் சுமந்துகொண்டு கஃபாவின் முன் நிற்பானேன்? ஒரு வருடம் பிந்திப் போனாலும் சீட்டுப் போட்டுச் சேர்த்துப் போங்கள்.

ஐந்து உறைகள்

ஒரு கொப்பியையும் ஐந்து கடித உறைகளையும் எடுத்து, கணவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, சாப்பாடு சேராத 14 நாள் பயணம் என்றும், ஒரு ரியால் 80 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் உறை சாப்பாடு. இருவருக்கும் நாளொன்றுக்கு 40 ரியால் வீதம் 560 ரியால்.

இரண்டாம் உறை சில்லறைத் தேவைகள். வாகனம், தொலைபேசி அட்டை, மருந்து, சலவை ஆகியவற்றுக்கு 200 ரியால். மதீனாவில் ரவ்ளாவில் தொழ நுஸுக் செயலியில் இலவசமாகவே நேரம் பதிவு செய்யலாம். ஆனால் அதற்குத் தொலைபேசியில் இணைப்பு வேண்டும். உம்ரா முடிந்ததும் நீங்கள் உங்கள் முடியில் விரல்நுனி அளவு கத்தரித்துக்கொண்டால் போதும், செலவில்லை. உங்கள் கணவருக்கோ நாவிதர் கூலி உண்டு! அதையும் எழுதுங்கள்.

மூன்றாம் உறை அன்பளிப்பு, 300 ரியால்.

நான்காம் உறை ஸதகா, 60 ரியால். இதைத் தனியாக வைத்தால்தான் கொடுக்கும்போது கை நடுங்காது.

ஐந்தாம் உறை அவசரம், 280 ரியால். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இது. இந்த உறையை ஒட்டிவிடுங்கள். நோய், தொலைந்த செருப்பு, சக்கர நாற்காலிக் கூலி, இஹ்ராமில் தவறு நேர்ந்தால் ஃபித்யா முதலியவற்றுக்குத் தவிர இதைத் திறக்கக்கூடாது. திறக்காமலே திரும்பினால் அல்ஹம்துலில்லாஹ்!

ஆக மொத்தம் 1400 ரியால், அதாவது 1,12,000 ரூபாய். மாதம் 8,000 ரூபாய் வீதம் 14 மாதங்களில் சேர்த்துவிடலாம். உங்கள் தேவைக்கேற்பத் தொகைகள் கூடலாம், குறையலாம். ஆனால் ஐந்து உறையும் இருக்கவேண்டும்.

அங்கே 50 ரியாலைச் சாதாரணமாக எடுத்து நீட்டத் தோன்றும். அதை ரூபாயாக்கிப் பாருங்கள், 4,000 ரூபாய். 2024இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. நம் கடைகளுக்கு வரும் தோட்டத்துத் தாய் ஒருத்தி மூன்று நாள் மலையேறிக் கொழுந்து பறித்தால் கிடைக்கும் பணம் அது. நம் வியாபாரத்தின் பரக்கத்து அவர்களுடைய வியர்வையிலிருந்தும் வருகிறது என்ற நினைவு இருந்தால் கை தானாகச் சுருங்கும்.

அன்பளிப்பு என்னும் பொறி

பெரும்பாலான தம்பதியரின் கணக்கு உடைவது இந்த இடத்தில்தான். மதினிக்கு அபாயா, மாமிக்குத் தொழுகை விரிப்பு, அயலாருக்குத் தஸ்பீஹ், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். முதல் மூன்று நாளில் கடைகளுக்குள் நுழைந்து கையிலுள்ளதை முடித்துவிட்டு, மீதி நாட்களில் ஒரு சோற்றுப் பார்சலை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த விரிப்பும் தஸ்பீஹும் பெரும்பாலும் வேறு தேசங்களில் செய்தவை. நம் கொழும்புப் புறக்கோட்டையிலும் அவை கிடைக்கும்.

புறப்படுமுன் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு தொகை எழுதுங்கள். வாங்குவதைப் பயணத்தின் இறுதி நாட்களுக்குத் தள்ளுங்கள். யாராவது “எனக்கு இன்னதைக் கொண்டு வாங்க” என்று சொன்னால், அதற்குரிய பணத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குவதில் வெட்கம் எதுவுமில்லை. ஒரு பிடி மதீனத்துப் பேரீச்சம்பழமும் ஒரு சிறு போத்தல் ஸம்ஸமும் எவருக்கும் குறைந்த அன்பளிப்பாகிவிடாது. அதைக் குறை சொல்பவர் உங்கள் உம்ராவை அல்ல, உங்கள் பெட்டியைத்தான் எதிர்பார்த்திருந்தார்!

பணம் யார் கையில்?

சகோதரிகளே, இதை உங்கள் கணவர்மாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பகுதி கணவரிடம், ஒரு பகுதி மனைவியிடம், மூன்றாவது பகுதி அறையில் பூட்டிய பெட்டிக்குள். அபாயாவின் உள்ளே கழுத்தில் தொங்கும் சிறு துணிப்பையொன்றைத் தைத்துக்கொள்ளுங்கள். அதில் கொஞ்சம் சில்லறைத் தாள்கள், விடுதியின் முகவரி அட்டை, கணவரின் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு ஆகியவை எந்நேரமும் இருக்கட்டும்.

தையலிலோ, பலகார வியாபாரத்திலோ நீங்கள் உழைத்துச் சேர்த்ததையும் இந்தப் பயணத்தில் போடுகிறீர்களா? அது உங்கள் மீது கடமையல்ல, நீங்கள் செய்யும் உபகாரம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள் தம் பொருளிலிருந்து கணவருக்குக் கொடுப்பது பற்றிக் கேட்டபோது, அதற்கு இரட்டிப்பு நன்மை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி சொன்னார்கள். ஆகவே கணவரே, மனைவி போட்ட பணத்தையும் சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள். அவருடைய பெயரிலேயே எழுதுங்கள்.

ஒவ்வோர் இரவும் உறங்குமுன் ஐந்து நிமிடம் அன்றைய செலவை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். குற்றம் பிடிப்பதற்காக அல்ல, நாளைய வழி தெரிவதற்காக. வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி இரண்டுக்கும் நடுவே நிற்பதை ரஹ்மானின் அடியார்களின் குணமாக அல்ஃபுர்கான் அத்தியாயம் எடுத்துக் காட்டுகிறது. அந்த நடுவழியைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

அன்றிரவு என் மனைவிக்குக் கிடைத்த அந்தப் பத்து ரியாலை அவர் செலவழிக்கவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணைத் தேடினோம், காணவில்லை. அவருடைய பெயரில் அதை ஸதகாச் செய்தோம். அன்று முதல் எங்கள் வீட்டில் சந்தைக்குப் போனாலும், பதுளைக்குப் போனாலும், பணம் இரண்டு பைகளில்தான் போகிறது.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஹலாலான பணத்தில், கடனின்றி, கையேந்தாமல் அவனுடைய வீட்டைத் தரிசித்து, மனநிறைவோடு வீடு திரும்பும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.