தூங்கும் மரங்களைத் தேடி!

டிசம்பர் மாதம். இங்கிலாந்தில் எலும்பை நடுக்கும் குளிர். மரங்களில் ஓர் இலை கிடையாது. இந்த நேரத்தில் நகரவாசிகள் சிலர் விடுமுறைக்குக் கிராமம் போகிறார்கள். எதற்கு? நடுவதற்கு மரக்கன்று எடுத்து வர!

இவர்கள் 'வீகன்' அன்பர்கள். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், தேன்கூடத் தொடமாட்டார்கள். 1944-ல் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் சங்கம் அமைத்து இட்ட பெயர் இது. தங்கும் வீட்டில் காலையில் ஓட்ஸ் கஞ்சி. தேநீருக்கும் ஓட்ஸ் பால்தான். மோர் இல்லாமல் சாப்பாடு முடியாது என்பவர்கள் மலைத்துப் போவார்கள்!

நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மரங்கள் உறங்கும் காலம். அப்போது ஓக், பிர்ச், ஹேசல் கன்றுகளை மண்கட்டி இல்லாமல், வெறும் வேரோடு தோண்டி எடுக்கலாம். பாரம் இல்லை. விலையும் மலிவு. ஒரே ஆள் ஒரு கட்டையே தூக்கி வரலாம்.

ஆனால் காற்றுதான் எமன்! வாடை பட்டால் சல்லி வேர்கள் சீக்கிரம் காய்ந்துவிடும். செத்த கன்றும் பார்வைக்கு உயிருள்ளதுபோலவே நிற்கும். வசந்தத்தில் துளிர்க்காதபோதுதான் குட்டு வெளிப்படும். அதனால் வேர்களைப் பைக்குள் மூடி வைத்து, குழி தோண்டிய பிறகே ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். அன்றே நட முடியாவிட்டால் ஈர மண்ணில் தற்காலிகமாகப் புதைத்து வைக்கிறார்கள். தரை உறைந்திருந்தால் நடுவதில்லை.

குழியில் எலும்புத் தூள் போடுவது அந்நாட்டுத் தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். இவர்கள் போடுவதில்லை. மக்கிய இலைதான். கொள்கை குழிக்குள்ளும் உண்டு!

பிரிட்டனில் இன்று காடு சுமார் 13 சதவிகிதம். 1900-ஐ ஒட்டி 5 சதவிகிதமாகத் தேய்ந்திருந்தது.

நாலு மணிக்கே இருட்டிவிடும். அதற்குள் கடைசிக் கன்றின் வேரும் மண்ணுக்குள் போயாக வேண்டும்.