தமிழகத்தில் இரண்டு மாதம், தனியாக: எந்த ஊரில் அறை எடுப்பது?

பணி ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, "சாவதற்குள் தாத்தா பிறந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று கிளம்புகிறவர்கள் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இருக்கின்றனர். குழுவாகச் செல்லும் கோயில் சுற்றுலாவில் அந்த ஆசை நிறைவேறுவதில்லை. ஊர் பெயர் தெரிந்த கடைசி ஆள் தாம்தான் என்பதை உணர்ந்தவர்கள், ஒன்றிரண்டு மாதங்களை ஒதுக்கித் தனியாகவே செல்ல நினைக்கின்றனர்.

அப்படித் திட்டமிடும்போது முதலில் எழும் கேள்வி விமான டிக்கெட் அல்ல. எந்த ஊரில் அறை எடுப்பது என்பதுதான். பெரிய பெட்டியை அங்கே வைத்துவிட்டு, ஒரு தோள்பையுடன் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை மூட்டை கட்டி ஊர் மாறுவது இளைஞர்களுக்கே சலிப்பு.

பலரும் யோசிக்காமல் சென்னை என்று சொல்லிவிடுகின்றனர். சினிமாவில் பார்த்துப் பழகிய ஊர். ஆனால், நம்மவர்களின் முன்னோர் ஊர்கள் பெரும்பாலும் சென்னைக்குப் பக்கத்தில் இல்லை. தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் இப்போது நகருக்கு வெளியே கிளாம்பாக்கத்திலிருந்துதான் புறப்படுகின்றன. நகர மையத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வதே ஒரு பயணம். சென்னையில் தங்கி, தஞ்சாவூர் பக்கம் உள்ள கிராமத்தைத் தேடுவது, ஜொகூர் பாருவில் தங்கிக்கொண்டு ஈப்போவில் வீடு தேடுவது போலத்தான்.

திருச்சி அப்படியல்ல. கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2024இல் புதிய முனையம் பயன்பாட்டுக்கு வந்தது. ஊர் மாநிலத்தின் நடுவில் இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர் மூன்றும் ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்குள். கரூர், நாமக்கல், காரைக்குடி எல்லாம் 100 கிலோமீட்டருக்குள். நம்மவர்கள் பலர் கப்பல் ஏறிய நாகப்பட்டினத்துக்கும் காலையில் போய் இரவில் திரும்பலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: பஞ்சப்பூரில் 2025இல் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டுவிட்டது. முன்பு சென்று வந்த உறவினர் மத்திய பேருந்து நிலையம் என்று சொன்னால், உங்கள் பேருந்து எங்கே நிற்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அதற்காக எல்லோருக்கும் திருச்சிதான் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் இருக்கும் பழைய காகிதம்தான் ஊரைத் தீர்மானிக்க வேண்டும். தாத்தாவின் காகிதத்தில் "திருச்சி ஜில்லா" என்று இருக்கலாம். அந்த ஜில்லா இன்று இல்லை. 1974இல் புதுக்கோட்டையும் 1995இல் கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாகிவிட்டன. "தஞ்சாவூர் ஜில்லா" என்பது இன்று நாகப்பட்டினமாகவோ திருவாரூராகவோ மயிலாடுதுறையாகவோ இருக்கலாம். "சேலம் ஜில்லா" என்றால் நாமக்கல்லும் தருமபுரியும் அதற்குள் அடக்கம். ராசிபுரம், ஆத்தூர் பக்கம் தேடுகிறவர்கள் சேலத்திலேயே தங்கலாம்.

"வட ஆற்காடு" என்று இருந்தால் திருச்சி சரிப்படாது. 1989இல் பிரிக்கப்பட்ட அந்த மாவட்டம் இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதி. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றி, சிகிச்சைக்காக வாரக் கணக்கில் தங்குவோருக்கென்றே ஏராளமான விடுதிகள் உள்ளன. தனியாக நீண்ட நாள் தங்கும் ஆளை அந்த ஊர் வினோதமாகப் பார்ப்பதில்லை.

மாவட்டம் தெரிந்தால் போதுமா என்றால், போதாது. ஒரே பெயரில் பல கிராமங்கள் உண்டு. பழைய கடிதங்களில் தபால் நிலையத்தின் பெயர், வட்டத்தின் பெயர், குலதெய்வத்தின் பெயர் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். குலதெய்வக் கோயிலின் பூசாரிக்குத் தெரிந்த வம்சக் கதை சில சமயம் அரசுப் பதிவேட்டில் இருக்காது.

தங்கும் ஊர் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு முக்கியக் காரணம் இன்னொன்று. முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவிலிருந்து ஒருவர் வந்து தாத்தாவின் பெயரைச் சொன்னால், நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறாரோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வருவது இயல்பு. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, சொத்துக்காக வரவில்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ செல்லும்போதுதான், "எங்க அப்பத்தாவுக்குத் தெரியும், வாங்க" என்று ஒருவர் கூப்பிடுவார். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் என்றால் மூன்று முறை போகலாம். எட்டு மணி நேரம் என்றால் ஒரு முறையோடு சரி.

இனி, தனியாகச் செல்பவர் மறக்கக்கூடாத சில. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர், 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரத்தை இணையம்வழி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். இது ஹோட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டில் தங்க வைக்கும் சொந்தக்காரருக்கும் பொருந்தும். பல சிறிய விடுதிகள் இதற்குப் பயந்தே மலேசியக் கடப்பிதழைக் கண்டதும் அறை இல்லை என்கின்றன. பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கைப்பெண்மணிகள் தனியாகச் சென்றால், இரவில் தரையிறங்கும் விமானத்துக்கு முதல் நாள் அறையையாவது இங்கிருந்தே உறுதி செய்துகொள்வது நல்லது.

விசாவிலும் கவனம் தேவை. 30 நாள் இ-விசாவில் சென்றுவிட்டு, அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம், நீட்டிக்க முடியாது. இரண்டு மாதம் தங்க நினைப்பவர்கள் ஓராண்டு அல்லது ஐந்தாண்டு விசாவுக்கு விண்ணப்பித்து, ஒரு பயணத்தில் எத்தனை நாள் அனுமதி என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

டீக்கடை முதல் ஆட்டோ வரை கைப்பேசியில் ஸ்கேன் செய்துதான் பணம் வாங்குகின்றனர். நம் வங்கிச் செயலிகளை நம்பிப் போகாமல் சில்லறை நோட்டு வைத்திருங்கள். நம் மூன்று முள் பிளக்கும் அங்கே நுழையாது.

காலத்தைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அலைவதற்கு ஏற்றது. பொங்கலுக்கு வேலைக்குச் சென்றவர்களும் கிராமத்துக்குத் திரும்புவதால், தேடி வந்தவருக்கு விவரம் சொல்ல ஆள் இருக்கும். ஆனால் அந்த வாரத்தில் பேருந்திலும் ரயிலிலும் இடம் கிடைக்காது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே தங்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.