கொடிக் கம்பியில் கரண்ட்

மார்கழி மழை பிடித்துவிட்டால் உடப்புசல்லாவையில் துணி காயாது. இஸ்தோப்பில் கட்டிய கொடியில் கம்பளியும் சாரமும் நாலு நாள் ஈரமாகவே தொங்கும். எங்கள் லயத்தில் அந்தக் கொடி கயிறில்லை, கம்பி. ஒரு முனை கூரைத் தகரத்தின் ஆணியில், மறு முனை தூணில். ஒரு நாள் காலையில் துணி எடுக்கப் போன பக்கத்துக் காம்பிரா அக்கா, "கையப் புடிச்சு இழுக்குதுடா தம்பி" என்று அலறி, கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தார். வெறுங்கால், ஈரச் சிமெந்துத் தரை. கை சட்டென விலகியதால்தான் பிழைத்தார்.

தேடிப் பார்த்தால், நாலு காம்பிரா தள்ளி ஒரு வீட்டுப் பரணில் எலி கடித்த வயர் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பையன் தன் கையாலேயே இழுத்த வயர் அது. ஒரே கூரை, பன்னிரண்டு குடும்பம். தனி வீட்டில் இருப்பவர் தன் வயரைப் பார்த்துக்கொண்டால் போதும். லயத்தில் அது போதாது.

நானுஓயாவிலிருந்து இராகலைக்கு 1904இல் சின்ன ரயில் வந்தது, 1948இல் நின்றும் போனது. அந்தக் காலத்து லயங்கள் இன்னும் நிற்கின்றன, நாமும் அவற்றில் இருக்கிறோம். கரண்ட் வந்ததெல்லாம் பிற்பாடு. ஒரு பல்பு, ஒரு ரேடியோ என்ற கணக்கில் இழுத்த மெல்லிய வயரில் இன்று ரைஸ் குக்கர், அயன், கெட்டில் எல்லாம் ஓடுகின்றன. 2,000 வாட் கெட்டில் ஒன்று 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். பல்புக்குப் போட்ட லைனுக்கு 5 அம்பியர் பியூஸே போதும். கெட்டிலை அந்த லைனில் மாட்டினால் பியூஸ் போகும், போகத்தான் வேண்டும். நாமோ பழைய வயரிலிருந்து செப்பு இழை நாலை உருவி, முறுக்கி, பியூஸில் கட்டிவிடுகிறோம். சிகரட் பெட்டியின் ஈயத்தாளை மடித்து வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு சூடாகி உருகுவது பியூஸ் கம்பியில்லை, பரணுக்குள் ஓடும் வயர். அங்கே அடுப்புப் புகை படிந்த காய்ந்த மரமும், அடுக்கி வைத்த விறகும் இருக்கின்றன. லயம் எரிந்தது, மின் ஒழுக்கே காரணம் என்று சந்தேகம் என மலையகச் செய்திகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோமே, அந்த மின் ஒழுக்கு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. நுவரெலியாவிலிருந்து தீயணைப்பு வண்டி கந்தப்பளை, இராகலை என்று வளைந்து வந்து சேருவதற்குள் தீ கடைசிக் காம்பிராவுக்குப் போய்விடும்.

எர்த் விஷயத்தை யாரும் பேசுவதில்லை. பழைய லயங்களில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றி விட்டிருப்பார்கள். அதுவே தவறு. பிறகு இரும்புக் குழாயைக் கழற்றி பிளாஸ்டிக் குழாய் போட்டதும் அந்த எர்த்தும் செத்துப்போனது. வயர் சுவரில் இருக்கிறது, மண்ணுக்குப் போகும் வழி இல்லை. கெட்டிலைத் தொட்டால் விரல் சுள்ளென்றால், அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பீர்கள். மழைநாளில் அது அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்துவிட்ட வீடுகள் எத்தனை! அந்தப் பெட்டி செய்யும் வேலை எளிது. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று பார்க்கும். திரும்பி வருவதில் 30 மில்லி அம்பியர் குறைந்தால், அந்தக் குறை ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனிதர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். 40 வாட் குண்டு பல்பு எரியத் தேவையான கரண்டில் இந்த 30 மில்லி அம்பியர் ஆறில் ஒரு பங்குதான். ஆனாலும் உடம்பு வழியே ஓடினால் அந்த அளவிலேயே உயிருக்கு ஆபத்து தொடங்குகிறது. 15 அம்பியர் பியூஸுக்கு இது தெரியவே தெரியாது. ஆகவே ட்ரிப் விழுந்தால் பெட்டியைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, எதைக் கழற்றினால் நிற்கிறது என்று பாருங்கள். நாம் கையால் செய்யக்கூடியது அவ்வளவுதான். அதற்கு மேல் வயரைத் தொடுவது என்.வி.கியூ. 3ஆம் மட்டச் சான்றிதழ் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை.

இனி, பொறுப்பு யாருடையது? மீட்டர் வரை வரும் லைன் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையது. மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரருடையது. லயத்தில் வீட்டுக்காரர் யார்? சுவரும் கூரையும் தோட்டத்துடையவை, உறுதிப்பத்திரம் நம் கையில் இல்லை. சொந்தமில்லாத சுவருக்குப் பணம் போட நாம் தயங்குகிறோம், நிர்வாகமும் தயங்குகிறது. எந்தப் பையனின் அவசர வேலையையும்விட இந்த இழுபறிதான் பெரிய ஆபத்து என்பது என் முடிவு. கூரை ஒழுகி வயர் நனைகிறது என்றால், லயத்தார் எல்லாரும் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். தோட்டத் தலைவரிடம் ஒரு பிரதி, உங்கள் கையில் ஒரு பிரதி, தேதியோடு. வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

கல்யாணமான மகனுக்குத் தனி மீட்டர் கிடைக்கவில்லை என்று அப்பா வீட்டிலிருந்து வயர் இழுக்காதீர்கள். விண்ணப்பம் இழுபட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காரணம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. மின்சாரம் வழங்கும் நிறுவனம் கவனிக்கவில்லை என்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். வேலை நேரத்தில் கரண்ட் அடித்தால் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரித் துண்டையும் பொலிஸ் முறைப்பாட்டையும் தொலைத்துவிடாதீர்கள்.

யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச். பிறகு 1990 அம்புலன்ஸ். லைன் அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் 1987.

மழை தொடங்குமுன் இரண்டு வேலை. கொடிக் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். ட்ரிப் சுவிட்சில் உள்ள சின்னப் பொத்தானை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லை என்றால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.