டிராக்டரின் சக்தி வழியிற் குறைவதும் அதனை அளக்கும் விதமும்

விருத்தாசலம் வட்டாரத்துக் குடியானவர் ஒருவர் டிராக்டர் வாங்க உத்தேசிக்கும்போது முதலிற் கேட்பது அதன் குதிரைசக்தியையே. விற்பனைச் சீட்டில் 42 என்று கண்டிருந்தால், அந்த 42-ம் தமது கலப்பைக்கு வந்து சேருமென்று நம்பிக் கடன் பத்திரத்திற் கையொப்பமிடுகிறார். ஆனால் சீட்டிற் கண்டது எஞ்சினிற் பிறக்கும் சக்தி. அது கிளச்சு, கியர்ப்பெட்டி, டிபரன்ஷியல், பின்அச்சு ஆகிய ஒவ்வொன்றுக்கும் சிறிது சுங்கம் செலுத்திய பின்னரே மண்ணை அடைகின்றது.

இச்சுங்கம் இருவகைப்படும். கியர்ப்பெட்டியிலுள்ள எண்ணெயைப் பற்சக்கரங்கள் கலக்குவதாலும், பேரிங்குகளும் சீல்களும் உராய்வதாலும் உண்டாவது ஒன்று. இது வேகத்தைப் பொறுத்தது. சுமை இருந்தாலும் இல்லாவிடினும் ஏறக்குறைய அவ்வளவே. பல்லும் பல்லும் அழுந்தி உராய்வதால் உண்டாவது மற்றொன்று; சுமை ஏற ஏற இது ஏறும். ஆதலால் "நூற்றுக்குப் பதினைந்து போய்விடும்" என்று எல்லா வண்டிக்கும் எல்லா வேலைக்கும் ஒரே கணக்குச் சொல்வது சரியன்று. உதாரணமாக, முழுச்சுமையில் முதல்வகை 2, இரண்டாம் வகை 4, ஆக 6 குதிரைசக்தி நஷ்டமானால் அது 42-ல் நூற்றுக்கு 14 ஆகும். அதே வேகத்தில் 10½ குதிரைசக்திக்கான இலேசான வேலையே நடந்தால், முதல்வகை 2 அப்படியே நிற்க, இரண்டாவது 1 ஆகக் குறையும். நஷ்டம் 3 தான். எனினும் நூற்றுக்கு ஏறக்குறைய 29 ஆகிவிடுகிறது!

அளக்கும் முறைகளுள் பழமையானது 1821-ம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் புரோணி என்பவர் வகுத்த பிரேக்கு முறை. சுழலும் உருளையை மரக்கட்டைகளால் இறுக்கி, அக்கட்டையிற் பொருத்திய கையின் நுனி எத்தனை கிலோ அழுத்துகிறதென்று தராசிற் பார்ப்பதே இதன் சாரம். கையின் நீளம் 716 மில்லிமீட்டராக இருந்தால் கணக்கு மிகச் சுலபம்: கிலோவை நிமிஷச் சுற்றுக்களாற் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குதிரைசக்தி வரும். டிராக்டரின் பின்புறச் சுழல்தண்டு 540 சுற்றில் ஓடுகையில் தராசு 66.7 கிலோ காட்டினால் 36 குதிரைசக்தி. எஞ்சினை மட்டும் அதே வேகத்தில் அளந்தபோது 42 இருந்ததாயின், வித்தியாசமான 6 வழியில் தேய்ந்ததாகும். அதே வேகம் என்பதை மறக்கலாகாது. வெவ்வேறு வேகங்களில் எடுத்த இரு எண்களைக் கழிப்பதிற் பயனில்லை. சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறுவதால் உருளைக்கு ஓயாது நீர் வேண்டும். இது பரீட்சைசாலைக்குரிய வேலை, களத்துமேட்டில் செய்யத் தக்கதன்று.

மோட்டார்க் கார்களுக்கு வேறொரு முறையும் உண்டு. கனமான உருளைகளின்மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, கிளச்சை மிதித்தவுடன் அவை எவ்வளவு சீக்கிரம் வேகம் தணிகின்றன என்று கவனிப்பர். சுமை நீங்கிய நிலையில் எடுக்கும் அளவாதலால் இது முதல்வகை நஷ்டத்தையே பெரிதும் காட்டும். டயர் நசுங்குவதால் வரும் நஷ்டத்தையும் அதனுடன் சேர்த்துவிடும். நமதூர்ப் பீங்கான் பட்டறைக்காரர்களுக்கு இத்தத்துவம் புதிதன்று. பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டி மின்சார மீட்டரைப் பார்த்து, பின்னர் பெல்ட்டையும் தண்டையும் மட்டும் சேர்த்து ஓட்டிப் பார்த்தால், களிமண் அரைபடுமுன்னரே செலவாவது இவ்வளவென்று தெரியும்.

இத்தனைக்கும் மேலான நஷ்டம் மண்ணில் ஏற்படுகிறது. முந்திரித் தோப்பின் இறுகிய செம்மண்ணில் சறுக்காத சக்கரம், மணிமுத்தாற்றங்கரைக் களிமண் வயலில் ஈரத்தோடு இறங்கினால் வீணே சுழலும். இதனை அளக்கக் கருவி வேண்டா. பின்சக்கரத்தில் சுண்ணாம்புக் குறியிட்டு, கலப்பையைத் தூக்கியபடி பத்துச் சுற்றுக்கு வண்டி சென்ற தூரத்தையும், உழும்போது பத்துச் சுற்றுக்குச் சென்ற தூரத்தையும் அளக்கவும். முன்னது 40 மீட்டர், பின்னது 34 மீட்டரானால் சறுக்கல் நூற்றுக்கு 15.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்துச் சட்டசபை அங்கத்தினரும் விவசாயியுமான குரோசியர் என்பார், தாம் வாங்கிய டிராக்டர் சொன்னபடி உழைக்காமையால் மனம் நொந்தார். அவர் முயற்சியால் 1919-ல் அங்கு ஒரு சட்டம் ஏற்பட்டது. பரீட்சிக்கப்படாத மாதிரியை விற்கலாகாதென்பது அதன் விதி. 1920 முதல் பரீட்சைகள் நடந்துவருகின்றன. நம் தேசத்தில் மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலுள்ள மத்திய அரசாங்க நிலையம் இவ்வேலையைச் செய்கிறது. அதன் அறிக்கையில் சுழல்தண்டின் சக்தியும், இழுவைக் கொக்கியின் சக்தியும் தனித்தனியே காணப்படும். ரோட்டவேட்டர் வாங்குவோர் முன்னதையும், கலப்பை வாங்குவோர் பின்னதையும், விலை பேசுமுன் விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்வது நலம்.